அம்மா கட்டிவிட்ட படங்கு

மகளே,

உனக்கு இன்னும் பெயர் இல்லை. நீ இன்னும் பிறக்கவே இல்லை. எனக்குப் பதினாறு வயதுதான், சாதாரண தரப் பரீட்சைகூட எழுதி முடிக்கவில்லை. ஆனாலும் நீ வளர்ந்து, கலியாண வயதும் வந்து, எனக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் கடிதத்தைத் தாய்மார் தலை நரைத்த பிறகுதான் எழுதுவார்கள். நரைக்கும்வரை பொறுத்திருந்தால் நடந்ததெல்லாம் சிரிப்புக் கதையாகிவிடும் என்று எனக்குப் பயம். எங்கள் அப்பாவின் குடும்பத்தைக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தியபோது அவருக்கு நாலோ ஐந்தோ வயது. இரவிரவாக லொறியில் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்தார்களாம். அந்தக் கதையை அவர் எப்போது சொன்னாலும் மடியில் வைத்திருந்த கோழியைப் பற்றி மட்டும்தான் சொல்லுவார். வழியெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாராம், இறங்கிப் பார்த்தால் மடியில் ஒரு முட்டை. சொல்லிவிட்டுச் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அந்த லொறியில் இருந்தவர்களின் பயம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. கோழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்னுடைய பயம் கோழியாகிப் போவதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நுளம்பு வலைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் அக்கா படுத்திருக்கிறாள், தூங்கவில்லை என்று மூச்சில் தெரிகிறது. அப்பாவுக்கு எதையும் தாளில் எழுதி வைப்பது பிடிக்காது. சோதனைச் சாவடிகளில் ஒரு துண்டுத் தாளுக்காக ஆட்களை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டால் இது அடுப்புக்குள் போகும். அதனால் எழுதி முடித்ததும் அரிசிப் பானைக்கு அடியில் வைப்பேன். அங்கே அம்மாவைத் தவிர வேறு யாரும் கை வைப்பதில்லை, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

நாங்கள் பூவரசங்குளத்துக்குக் கிட்ட இருக்கிறோம். சண்டை முடிந்து முகாமில் இருந்து வெளியே விட்டபோது நான் கைக்குழந்தை. கிளிநொச்சிப் பக்கத்தில் எங்களைப் போல மலையகத்திலிருந்து ஓடிவந்த சனங்களாக ஒரு குடியிருப்பு இருந்ததாம், அங்கேதான் அப்பாவும் பெரியப்பாவும் வளர்ந்தார்கள். கடைசிச் சண்டையில் பெரியப்பா போய்விட்டார். அவர் இல்லாத இடத்துக்குத் திரும்பிப் போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. யாருக்கும் எங்களைத் தெரியாத இந்த ஊரில் ஒரு துண்டுக் காணி எடுத்துக் கச்சான் கடலை போட்டார். எந்த ஊர் என்று கேட்டவர்களுக்குக் கிளிநொச்சி என்றார். அது பொய் இல்லை. அதற்கு முன்னால் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது ஒரு வருடமாகி, பிறகு பல வருடங்களாகிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால், ஏன் இவ்வளவு நாளும் மறைத்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும். எங்கள் வீட்டின் பெரிய பிழை இதுதான் மகளே. ஒருநாளும் யோசித்துச் செய்த பிழை இல்லை. ஒவ்வொரு நாளாகச் சேர்ந்த பிழை.

எங்கள் வீட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. வேலிக்கு உள்ளே நாங்கள் ஒரு மாதிரி, வெளியே இன்னொரு மாதிரி. உள்ளே அம்மா “ஆமா” என்பாள், படலையைத் தாண்டினால் “ஓம்” என்பாள். உள்ளே “வாங்க”, வெளியே “வாங்கோ”. கச்சான் பிடுங்கும் நாளில் அம்மா சாக்கை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, தலைக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு நடப்பாள். இரண்டு கையும் சும்மா இருக்கும். கழுத்துத்தான் சுமக்கும். ஆனால் வேலியோரம் யாராவது சைக்கிளில் வரும் சத்தம் கேட்டால் சாக்கை இறக்கி, மற்றப் பெண்களைப் போலத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வாள். சின்ன வயதில் எனக்கு அது ஒரு விளையாட்டு. “ஆள் வருது” என்று பொய்க்குக் கத்துவேன், அம்மா அவசரமாக மாற்றுவாள். ஒருநாள் அவள் மாற்றவில்லை. சாக்கோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, இன்னும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறாள், அம்மாவும் கலியாணம் கட்டி வரும்வரை அங்கேதான் பறித்தாள். முகாமுக்குப் பிறகு வீடு என்று ஒன்று கட்டி முடிக்கும்வரை அக்காவை அவளிடம்தான் விட்டிருந்தார்கள். அக்கா அங்கேதான் முதலாம் வகுப்புப் படித்தாள். சின்னம்மாவை அம்மா என்று கூப்பிட்டுப் பழகி, திரும்பி வந்தபோது எங்கள் அம்மாவிடம் போகமாட்டேன் என்று அழுதாளாம். ஒவ்வொரு ஏப்ரல் லீவுக்கும் நாங்கள் அங்கே போய்வருவோம். யாராவது கேட்டால் கண்டி பார்க்கப் போனதாகச் சொல்லுவோம். வரும்போது சின்னம்மா ஒரு பையில் தேயிலை கட்டித் தருவாள். அந்தத் தேயிலையில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஊர்ச் சனம் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்கும். டவுன் கடை என்பாள் அம்மா.

அக்காவுக்கு இப்போது கலியாணம் பேசியிருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலில் அக்காவைப் பார்த்துவிட்டுத் தேடி வந்த இடம். அடுத்த ஊர்தான். மாப்பிள்ளை மின்சார வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார், அக்காவோடு போனில் மட்டும் நிறையப் பேசுவார். அவருடைய அம்மாவை நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறோம். மாமியின் கடைசி மகன் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாண்ட் வாத்தியத்தில் மேளம் அடிக்கிறான். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நாட்டில் எல்லா இனமும் ஒன்று என்று காட்டுவதற்கு வவுனியாவில் ஒரு விழா, ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும். எங்கள் நடன ரீச்சர் அதை எழுதினா. நல்லவா, பிள்ளைகளுக்குக் கைக்காசில் பணிஸ் வாங்கித் தருகிறவா. நிகழ்ச்சி இதுதான். ஒவ்வொரு இனத்தின் உடுப்பிலும் ஒரு பிள்ளை மேடைக்கு வரும், ஆடும். கடைசியில் மேளம் அடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் மேல் உடுப்பைக் கழற்றி எறிவோம். உள்ளே எல்லோருக்கும் ஒரே வெள்ளை ரீசேட், அதில் மூன்று மொழியிலும் “நாங்கள் இலங்கையர்” என்று எழுதியிருக்கும். கையைக் கோத்துக்கொண்டு பாட வேண்டும். எங்கள் வகுப்பில் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள், அதனால் ஆட்களைப் பிரித்துக் கொடுத்தா. சிங்களப் பெண்ணாக ஒருத்திக்குக் கண்டிச் சேலை. பறங்கிப் பெண்ணாக ஒருத்திக்குக் கவுன். என் கூட்டாளி ஜெனிற்றா முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, வேதக்காரர், இங்கே பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிறாள். அவளுக்கு முஸ்லிம் பெண் வேடம். “ஞாயிறு பூசைக்கு முக்காடு போடுறனான்தானே, அந்த அனுபவம் இருக்கெண்டு பிடிச்சிட்டினம்” என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். எனக்குத் தமிழ்ப் பெண் வேடம், பாவாடை தாவணியும் பித்தளைக் குடமும் தந்தார்கள். குடத்தோடு நான் நிம்மதியாக இருந்தேன்.

கொழுந்து பறிக்கிற பெண்ணாக வர இருந்த பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது. ரீச்சர் குடத்தை வாங்கி வைத்துவிட்டுக் கூடையை என் கையில் தந்தா. கயிறு கட்டின பிரம்புக் கூடை. தோட்டத்தில் இப்போது யாரும் பிரம்புக் கூடை போடுவதில்லை, எல்லோரும் பைதான். ஆனால் அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு தரம் கூடையை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தார்கள், புத்தகப் பை மாதிரி. சிரிப்பும் கூத்துமாக இருந்தது. ரீச்சர் என்னைப் போடச் சொன்னா. நான் யோசிக்கவில்லை மகளே. யோசித்திருந்தால் நானும் தோளில்தான் மாட்டியிருப்பேன். கைலேஞ்சியை எடுத்து நாலாக மடித்து உச்சந்தலையில் வைத்து, குனிந்து, கயிற்றை மாட்டி, நிமிர்ந்துவிட்டேன். கை இரண்டும் முன்னுக்கு வந்து கொழுந்து கிள்ளத் தயாராக நின்றன. சிரிப்பு நின்றுபோனது. ரீச்சருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“அப்பிடியே அசலாய்ச் செய்யுறாய் பிள்ளை. எங்க பழகினனீ?”

ரிவியில் பார்த்தேன் என்றேன். ரீச்சர் நம்பினா. பின்வரிசையில் யாரோ மெதுவாக, தோட்டக்காட்டில பழகினவள் போல கிடக்கு என்றார்கள். பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் மலையகத்தாரை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல் என் வாழ்க்கையில் முதல் தரம் என் பக்கம் திரும்பியது. ஜெனிற்றா சிரிக்கவில்லை. பஸ் தரிப்பில் வைத்து, நீ பயப்பிடுறாய் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காத கூட்டாளி கிடைத்தால் விட்டுவிடாதே.

வீட்டில் சொன்னேன். அப்பா போக வேண்டாம் என்றார். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள் என்றார். போகாவிட்டால் ரீச்சர் வீடு தேடி வருவா, வந்து குசினிவரை போய் இருந்து கதைப்பா, அது இன்னும் கரைச்சல் என்று அக்கா சொன்னாள். அம்மா கச்சான் கோதை உடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவும் ஒரு பிடி கச்சானை எடுத்து உடைக்கத் தொடங்கினார். பிறகு, தாத்தா காலத்தில் நீங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்றார்களாம், கிளிநொச்சியில் எல்லோரும் ஒரே தமிழர் என்றார்களாம், எங்கள் குடியிருப்பில் இருந்தும் பிள்ளைகள் சண்டைக்குப் போனார்களாம், இப்போது எல்லோரும் ஒரே இலங்கையர் என்கிறார்கள் என்று, பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார்.

“ஒண்ணுன்னு சொல்றது தப்பில்ல பாப்பா. ஆனா ஒண்ணுன்னு சொன்ன யாரும் இதுவரைக்கும் நம்மள மாதிரி பேசிப் பாத்ததில்ல.”

அதில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போயிருந்தார். எங்கள் வீட்டில் எல்லோருமே இந்த விசயத்தில் களைத்துப்போனவர்கள்தான், நான்தான் கடைசியாகக் களைத்தவள். போகட்டும், நடிக்கிறதுதானே, நடித்துவிட்டு வரட்டும் என்று கடைசியில் அவரே சொன்னார்.

விழா அன்று தாய்மார் வந்து உடுப்புப் போட்டுவிட வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. அம்மா ஊசி, நூல், பவுடர் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தந்த இடுப்புத் துணி பளபளவென்று பச்சையாக இருந்தது, இழுத்ததும் கழலுகிற மாதிரி ஒட்டும் பட்டி தைத்தது. அம்மா அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிறவர்கள் சேலைக்கு மேலே இடுப்பில் தடிச்ச துணி ஒன்றைச் சுற்றிக் கட்டுவார்கள், தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க. அதைப் படங்கு என்பார்கள். இந்தப் பச்சைத் துணியோடு எந்த மலையில் ஏறுவது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் கதிரைகளை மூடியிருந்த உரச்சாக்கு ஒன்றை எடுத்து உதறினாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். என் இடுப்பில் சுற்றி, கயிறு போட்டு, முழங்காலை என் இடுப்பில் வைத்து இழுத்து முடிந்தாள். அம்மா, கடைசியில் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். சரி சரி என்றாள். அவள் முகம் அப்போது சின்னம்மாவின் முகம் மாதிரி இருந்தது. அவ்வளவு இளமையாக அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அதனால் நான் இன்னொரு தரம் சொல்லவில்லை.

மண்டபம் நிறையச் சனம். முன்னால் அதிகாரிகள், கொழும்பிலிருந்தும் ஒருவர். மூன்றாவது வரிசையில் மாமி, மகன் மேளம் அடிப்பதைப் பார்க்க வந்திருந்தா. ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசி மேளம் அடித்தது. எல்லோரும் இழுத்தார்கள். பட்டி கழலுகிற சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது, கண்டிச் சேலை போனது, கவுன் போனது, ஜெனிற்றாவின் முக்காடு போனது. எல்லோரும் வெள்ளை ரீசேட்டில் நின்றார்கள். நான் இழுத்தேன். முடிச்சு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், இன்னும் இறுகியது. பாட்டுத் தொடங்கிவிட்டது. ஜெனிற்றா என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், என் இரண்டு கையும் இடுப்பில் இருந்தன. ஒலிவாங்கியில் அறிவிப்பாளர் தமிழிலும் சிங்களத்திலும், பாருங்கள், இப்போது எந்த வித்தியாசமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளையாக நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் நான் சாக்கும் கூடையுமாக நின்றேன். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும்.

அம்மா மேடைக்கு வந்தாள். படியால் வரவில்லை, முன்பக்கத்தில் கையை ஊன்றி ஏறி வந்தாள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு விலகி நின்றார், அது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அதனால் அம்மா என் காதுக்குச் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது.

“இழுக்காத பாப்பா, இழுத்தா இறுகும். சும்மா நில்லு. நான் அவுத்து விடுறேன்.”

பதினைந்து வருடமாக வேலிக்கு உள்ளே மட்டும் இருந்த குரல் மகளே. ஒலிபெருக்கியில் வந்தபோது எனக்கே அது யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை. அம்மா கயிற்றை உள்ளே தள்ளி முடிச்சை அவிழ்த்தாள். தலையில் இருந்து கூடையை இறக்கினாள். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடையைத் தன் முதுகில் போட்டு, கயிற்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, இந்தத் தரம் படியால் இறங்கிப் போனாள். இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். கொழும்பு அதிகாரி எழுந்து நின்றே தட்டினார். அந்தத் தாய் வருகிற இடம் மனதைத் தொட்டது என்று பிறகு ரீச்சரிடம் சொன்னாராம். ரீச்சர் நன்றி சொன்னாவாம். மூன்றாவது வரிசையில் மாமி மட்டும் தட்டவில்லை. அவா அம்மாவின் தலையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தா.

பஸ்ஸில் வரும்போது, ஏன் அப்படி இறுக்கிக் கட்டினாய் என்று அம்மாவிடம் கேட்டேன். கட்டுறதுன்னா இறுக்கித்தான் கட்டணும், மலையில் பாதியில் அவிழ்ந்தால் கங்காணி திட்டுவான் என்றாள். அவ்வளவுதான். வேண்டுமென்று கட்டினாளா, கை தன்பாட்டில் கட்டியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பதும் தெரியாது. நீ ஒருநாள் என்னிடம் இப்படி எதையாவது கேட்பாய். நானும் இப்படித்தான் பதில் சொல்லுவேன் என்று நினைக்கிறேன். கோபிக்காதே.

முந்தாநாள் மாமி வந்தா. தனியாக, ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு. அக்கா உள்ளுக்குள் நின்றாள், நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கதைத்தா. மகனுக்கு உங்கள் பிள்ளையை நல்லாய்ப் பிடித்துவிட்டது, எங்களுக்கும்தான் என்றா. நீங்கள் எங்கே இருந்து வந்தால் என்ன என்றா.

“எங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லைப் பாருங்கோ. எல்லாரும் ஒண்டுதானே, அண்டைக்கு மேடையிலயும் அதைத்தானே சொன்னவை. ஆனா சனத்துக்கு ஏன் தெரிவான்? அந்தப் பக்கத்து ஆக்களைக் கலியாணத்துக்குக் கூப்பிடாதேங்கோ. பிறகு ஆறுதலாய் ஒருநாள் வந்து பாத்திட்டுப் போகட்டும்.”

அப்பா உடனே சரி என்றார். அவருடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன், பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்த ஆள் மாதிரி. கலியாணம் நிற்கவில்லை, அவருக்கு அது போதும். பெண்ணைப் பெற்று, ஓடி ஓடி வந்த மனிதருக்கு அது போதாது என்று நான் எப்படிச் சொல்ல? மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. நல்ல சாயம், எந்தக் கடைத் தேயிலை என்று கேட்டா. அம்மா பதில் சொல்லவில்லை. மாமி போன பிறகு அந்தக் கப்பை அம்மா வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன் மகளே. ஜெனிற்றாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பாட்டை நான் பொய்யாகப் பாடவில்லை. ஆனால் மேடையில் நின்றபோதும், மாமி கதைத்தபோதும், ஒன்றை மட்டும் பார்த்தேன். ஒன்றாவதற்கு எப்போதும் யாரோ ஒரு ஆளை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்தத் தரம் அது சின்னம்மா. உனக்கு யாராவது இப்படி நல்ல மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது, வெளியே நிற்கப்போவது யார் என்று பார்த்துக்கொள். அதைப் பார்த்த பிறகு சரி என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அதை நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன், எனக்கே தெரியாது. பார்க்காமல் மட்டும் சொல்லாதே.

இன்றைக்குப் பின்னேரம் சின்னம்மா போன் எடுத்தாள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை, படலையடியில்தான் கிடைக்கும். அங்கே நின்று பேசினால் தெருவுக்குக் கேட்கும் என்று நாங்கள் எப்போதும் அவளோடு ஊர்த் தமிழில்தான் பேசுவோம். என்னடி ரேடியோக்காரி மாதிரி பேசுற என்று சிரிப்பாள். இன்றைக்கு அவள் சந்தோசத்தில் கத்திச் சொன்னதெல்லாம் போனுக்கு வெளியே கேட்டது. தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டாளாம். அக்காவுக்குச் சேலை எடுத்துவிட்டாளாம், கத்தரிப்பூ நிறம், பிடிக்காவிட்டால் மாற்றலாமாம். எந்த பஸ்ஸில் வர என்று கேட்டாள். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா மண்ணைப் பார்த்தார். ஹலோ, ஹலோ, லைன் போயிருச்சா என்று சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா குசினிக்குள் இருந்து வந்தாள். கையில் மாவு. முழங்கையால் படலையைத் தள்ளித் திறந்து, வெளியே தெருவில் போய் நின்றுகொண்டு, போனை வாங்கினாள். தெருவில் பக்கத்து வீட்டு அன்ரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தா. அக்கா அவாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, அன்ரிக்கும் அதற்கு அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

“ஆமாம்மா, நான்தான். மொத பஸ்ஸிலேயே வந்துருங்க. சேல எனக்குப் பிடிக்கும். நீங்க வராம நான் மணவறையில உக்கார மாட்டேன்.”

அம்மா என்றுதான் கூப்பிட்டாள். சின்னம்மா என்று கூப்பிடவில்லை. அன்ரி சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றா. பிறகு ஏறி மிதித்துப் போய்விட்டா. இந்நேரம் மாமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை அண்ணா இரவு எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் எடுக்கிறவர். இன்றைக்கு அக்கா படலையடியிலேயே நெடுநேரம் நின்றாள், போன் வரவில்லை. சிக்னல் இல்லையாக்கும் என்று நான் சொன்னேன். அக்கா ஓமென்று தலையாட்டினாள். அப்பா சாப்பிடவில்லை. நாளைக்குக் காலையில் யாராவது வருவார்கள். என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. அன்றைக்குக் கூடையை நான் தோளில் மாட்டியிருந்தால் இதெல்லாம் நடந்திராது என்ற நினைப்பு போகவே மாட்டேன் என்கிறது.

உனக்கு இதன் முடிவு தெரியும். மாமியின் வீட்டில் உனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறாரா இல்லையா என்பதும், கத்தரிப்பூ நிறச் சேலையில் பெரியம்மாவின் கலியாணப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறதா என்பதும் உனக்குத் தெரியும். எனக்குத்தான் இந்த இரவில் ஒன்றும் தெரியாது. படம் இல்லாவிட்டால் பெரியம்மாவிடம் கேட்காதே, இதை எடுத்து வாசி.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் தூங்கவில்லை. இருமுகிறார். இதோ இப்போது அம்மாவிடம் ஏதோ கேட்கிறார், நான் போனை மறைத்துக்கொண்டு கேட்டேன். ஹட்டனிலிருந்து வருகிற முதல் பஸ் வவுனியாவுக்கு எத்தனை மணிக்கு வரும், அவளுக்கு நம்ம ஊர் பஸ் தெரியாதே, நான் போய் நிற்கிறேன் என்கிறார். அம்மா சொன்ன பதில் கேட்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பிப் படுத்து, வெளிச்சத்தை நூர் என்கிறாள்.

நூர்க்கிறேன்.

அம்மா